மறந்துபோன படத்தின் மேல் ஓடும் படகு

1

சினிமாவுக்குச் சாவு சுலபம். வெள்ளிக்கிழமை வருகிறது, கூட்டம் இல்லையென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை தூக்கிவிடுகிறார்கள். சுவரொட்டியின் மேல் இன்னொரு சுவரொட்டி, அவ்வளவுதான். ஆனால் அதே சினிமாவை நம்பிக் கான்கிரீட்டில் ஒரு மலையைக் கட்டி, அதற்குள் கால்வாய் வெட்டித் தண்ணீர் விட்டு, படகு ஓட்டி, இரண்டு பக்கமும் தலையாட்டிப் பேசுகிற இயந்திரப் பொம்மைகளை நிறுத்திவைத்தால் அதை அவ்வளவு லேசில் தூக்கிவிட முடியாது. மலை நிற்கும். படம் போய்விடும். இருபது வருடம் கழித்து அந்தப் படகில் ஏறுகிற பத்து வயசுப் பையனுக்குப் படத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

அமெரிக்காவின் டிஸ்னி, யுனிவர்சல் நிறுவனங்களின் கேளிக்கைப் பூங்காக்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. சினிமாவைச் சவாரியாக மாற்றி விற்பது அவர்கள் தொழில். படம் நினைவிலிருந்து மங்க மங்கச் சவாரியை எப்படிப் புதுசாக வைத்துக்கொள்வது? வியாபாரியின் கவலை நமக்கெதற்கு என்று கேட்கலாம். ஒரு பிரதி, தன் மூலம் மறக்கப்பட்ட பிறகு எப்படி அர்த்தம் தருகிறது என்பது விமர்சனத்தின் பழைய கேள்வி. இந்தப் பூங்காக்களில் அந்தக் கேள்விக்கு டாலர் கணக்கில் விடை தேடுகிறார்கள். எதை மறக்கலாம், எதை மறக்கக் கூடாது என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்கிற இன்னொரு கேள்வியும் இதற்குள் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். அதற்குப் போவதற்கு முன்னால் முதல் கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

2

டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் திறக்கப்பட்டது. இந்த மாதிரி இடங்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு பேரை நாம் விடாமல் இழுப்போம். உம்பர்ட்டோ எக்கோ 1975இல் எழுதிய அமெரிக்கப் பயணக் கட்டுரையில், நிஜத்தைவிடக் கச்சிதமான நகலின் மேல் அந்த நாட்டுக்கு இருக்கும் மோகத்தை விவரித்தார். ழான் போத்ரியார் 1981இல் இன்னும் ஒரு படி மேலே போனார். டிஸ்னிலாந்து தன்னைக் கற்பனை என்று காட்டிக்கொள்வதே, அதற்கு வெளியே இருக்கும் மிச்ச அமெரிக்கா நிஜம் என்று நம்மை நம்பவைக்கத்தான் என்றார். மூலமே இல்லாத நகல்களின் காலம் என்பது அவர் வாதம்.

இரண்டு பேரிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவர்கள் பார்த்த நகலுக்கு வயசே ஆவதில்லை. கீழே வேலை செய்கிறவனுக்குத் தெரியும், நகலுக்கும் மூட்டுவலி வரும். பொம்மையின் ரப்பர் தோல் வெடிக்கும், எண்ணெய் ஒழுகும், பம்பு நிற்கும். இதையெல்லாம் சரிபண்ணிவிடலாம். சரிபண்ண முடியாத ஒன்று உண்டு. இது எதனுடைய நகல் என்பதே பார்க்க வருகிறவனுக்கு ஒருநாள் தெரியாமல் போகும். மூலமே இல்லாத நகல் என்பது தத்துவம். மூலம் மறந்துபோன நகல் என்பது நிர்வாகப் பிரச்சினை.

காலக்கணக்கைப் பாருங்கள். ‘ஜாஸ்’ படம் 1975இல் வந்தது. யுனிவர்சலின் புளோரிடா பூங்காவில் சுறா படகைத் தாக்கும் சவாரி 1990இல் திறந்தது; இயந்திரக் கோளாறில் உடனே மூடி, திரும்பக் கட்டி 1993இல் ஓடவிட்டார்கள். 2012 ஜனவரி 2 அன்று நிரந்தரமாக மூடினார்கள். ‘பேக் டு த ஃப்யூச்சர்’ முதல் படம் 1985. புளோரிடாவில் சவாரி 1991இலிருந்து 2007 வரை. மூடின வருடம் அதில் ஏறிய பத்து வயசுப் பிள்ளை, படம் வந்து 12 வருடம் கழித்துப் பிறந்தது. அப்பாவுக்கு மூச்சுமுட்டும் ஞாபகம். பிள்ளைக்கு அது ஒரு பழைய கார்.

3

அப்படியானால் படம் மறந்தால் சவாரி செத்துப்போகும் என்று முடிவுகட்டிவிடலாமா? முடியாது.

டிஸ்னிலாந்து திறந்த நாளிலிருந்தே ஓடுகிற சவாரிகளில் ஒன்று ‘ஜங்கிள் க்ரூஸ்’. காட்டு ஆற்றில் ஒரு படகு, அதை ஓட்டுகிறவரின் கடி ஜோக்குகள், கரையில் யானை, நீர்யானை. இதற்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் ஒன்று ‘ஆப்பிரிக்கன் குயின்’ என்கிற 1951ஆம் வருடத்துப் படம். படகில் உட்காருகிறவர்களில் எத்தனை பேருக்கு ஹம்ஃப்ரி போகார்ட்டும் காதரின் ஹெப்பர்னும் அந்த ஆற்றில் போனது தெரியும்? தெரியாததால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. தலபுராணம் மறந்துபோன கோயில் மாதிரி. எந்த அசுரனை எந்தச் சாமி வதம் பண்ணியது என்று பூசாரிக்கே குழப்பம், கூட்டம் குறையவில்லை.

இதைவிட வேடிக்கை ‘வாட்டர்வேர்ல்ட்’. 1995 ஜூலையில் வந்த படம். சுமார் 17.5 கோடி டாலர் செலவு. அதுவரை எடுத்த படங்களிலேயே அதிகம். தோல்விப் படம் என்பதற்கே உதாரணமாகப் பேசப்பட்டது. அந்த அக்டோபரிலேயே யுனிவர்சலின் ஹாலிவுட் பூங்காவில் அதை வைத்து ஒரு சண்டைக் காட்சியை அரங்கேற்றினார்கள். படம் பேச்சிலிருந்து போய்விட்டது. காட்சி கால் நூற்றாண்டைத் தாண்டி ஓடியது. ஜப்பானுக்குப் போனது, 2010இல் சிங்கப்பூருக்கும் வந்தது. செந்தோசாத் தீவில் நானே பார்த்தேன். பக்கத்தில் ஒரு காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம். ‘இது என்ன படம்ப்பா?’ என்று பையன் கேட்டான். ‘என்ன படமோ, தண்ணி அடிப்பாங்களாம், செல்லை உள்ள வை’ என்றார் அப்பா. அவ்வளவு தெரிந்தால் போதும். உலகம் பூராவும் தண்ணீர், நிலம் எங்கே என்று ஒருத்திக்குத் தெரியும், கெட்டவர்கள் அவளைத் துரத்துகிறார்கள். சுவரைத் தாண்டி ஒரு விமானம் தண்ணீரில் வந்து விழுகிறபோது அந்தக் குடும்பம் மொத்தமும் எழுந்து நின்றது. படத்தின் ஞாபகம் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

எதிர் உதாரணம் ஒன்றும் சொல்ல வேண்டும். டிஸ்னியின் ஃப்ளோரிடா ஸ்டுடியோப் பூங்காவில் 1989இலிருந்து 2017 ஆகஸ்ட் வரை ‘கிரேட் மூவி ரைடு’ ஓடியது. ஹாலிவுட்டின் புகழ்பெற்ற சீனத் திரையரங்கின் முகப்பைப் போலவே ஒரு முகப்பு. உள்ளே ஜேம்ஸ் காக்னி துப்பாக்கியோடு நிற்பார், ஜான் வெய்ன் குதிரை மேல் இருப்பார், ‘காசாப்ளாங்கா’வின் விமான நிலையம் வரும். சவாரியின் சுகமே ‘அட, இது அது!’ என்று அடையாளம் காண்பதில் இருந்தது. அடையாளம் காண ஆளில்லாமல் போனால் மிஞ்சுவது, தொப்பி போட்ட ஒரு பொம்மை நிற்கிறது, அவ்வளவுதான். 2015இல் பழைய படங்களை ஒளிபரப்பும் ஒரு தொலைக்காட்சியைச் சேர்த்துக்கொண்டு, அதன் அறிவிப்பாளர் ராபர்ட் ஆஸ்பார்னின் குரலில் விளக்கம் சொல்லவைத்தார்கள். விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வந்த சிரிப்பை யாரும் காப்பாற்ற முடியாது. இரண்டே வருடத்தில் மூடினார்கள். அதே கட்டடத்தில் 2020இல் மிக்கி எலியின் ரயில் ஓடத் தொடங்கியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விஷயம் தெளிவாகும். சவாரியில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. முதலாவது உடம்பு: விழுவது, நனைவது, இருட்டில் வேகம். இரண்டாவது இடம்: ஆறு, பழைய ஹோட்டல், காடு. மூன்றாவது மேற்கோள்: நீ பார்த்த அந்தப் படம். உடம்புக்கு மறதி இல்லை. இடம் பார்த்த மாத்திரத்தில் புரியும். மேற்கோள் மட்டுமே மங்கும். மேற்கோளையே அஸ்திவாரமாக வைத்துக் கட்டியது சரியும். மேற்கோளை வாசல் கோலமாக வைத்துக்கொண்டது நிற்கும்.

நல்ல உதாரணம் ‘இ.டி.’ சவாரி. படம் 1982, சவாரி 1990. ஏறுவதற்கு முன்னால் உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்வார்கள். பறக்கும் சைக்கிளில் போய்த் திரும்பும்போது அந்த வேற்றுக்கிரகக் குழந்தை உங்களைப் பெயர் சொல்லி வழியனுப்பும். படத்தைப் பார்க்காத பிள்ளைக்கும் அது ஞாபகம் இருக்கும். கடன் வாங்கின நினைவை நம்பாமல், சவாரி தனக்கென்று ஒரு நினைவை அந்த இடத்திலேயே உண்டாக்கிக்கொள்கிறது.

4

நிர்வாகங்கள் கையாளும் வழிகள் நாலு.

ஒன்று, இடித்துத் தள்ளுவது. சுறா இருந்த இடத்தில் 2014இல் ஹாரி பாட்டரின் டயகன் சந்து எழுந்தது. இதில் நினைவு என்பது மனை விலை. எந்த நினைவு அதிகம் வசூலிக்கிறதோ அதற்கே மனை.

இரண்டு, எலும்பை வைத்துக்கொண்டு தோலை மாற்றுவது. ஃப்ளோரிடாவில் 1994இல் திறந்த ‘டவர் ஆஃப் டெரர்’ விழுகிற லிஃப்ட்டை வைத்துக் கட்டியது. மூலம் 1964இலேயே முடிந்துபோன ‘ட்விலைட் ஸோன்’ தொலைக்காட்சித் தொடர். கலிபோர்னியாவில் 2004இல் இன்னொன்று கட்டினார்கள். 2017இல் அதே லிஃப்ட்டைக் ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ படத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஃப்ளோரிடாவில் பழசே நின்றது. தொடரைப் பார்த்தவர்கள் அங்கே கூடி இருந்தார்கள் என்பதாலா? கிடையாது. 1939இல் ஒரு மழை இரவில் லிஃப்ட்டில் ஏறிய ஐந்து பேர் மின்னல் விழுந்து மறைந்துபோனார்கள் என்று காத்திருக்கும் அறையிலேயே கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கட்டியங்காரன் வந்து கதையைச் சொல்லிவிட்டால், கூத்துப் பார்க்க வந்தவன் மகாபாரதம் படித்திருக்க வேண்டியதில்லை.

மூன்று, கலைத்துப்போடுவது. 1987இல் தொடங்கிய ‘ஸ்டார் டூர்ஸ்’ ஒரே பயணத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. 2011இல் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு தடவையும் வேறு வரிசையில் சேரும்படி செய்தார்கள். தொடக்கத்தில் 54 விதமான பயணங்கள். புதுப் படம் வந்தால் ஒரு துண்டைச் சேர்த்தால் போதும். சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுகிற தந்திரம்.

நாலாவது எனக்கு மிகவும் பிடித்தது: தலைகீழாக்குவது. ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’ 1967இல் சவாரியாகத்தான் பிறந்தது. அதற்குப் படமே கிடையாது. 2003இல் சவாரியிலிருந்து படம் எடுத்தார்கள். படம் பிரமாதமாக ஓடியது. 2006இல் படத்தின் ஜாக் ஸ்பாரோவைப் பொம்மையாக்கிச் சவாரிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். தகப்பன் வீட்டுக்குள் மகன் வந்து நின்று, ‘நான்தான் உன் அப்பா’ என்கிற கதை. இன்றைக்கு ஏறுகிற குழந்தை, படத்தைப் பார்த்துச் செய்த சவாரி என்றே இதை நினைக்கும். எது மூலம், எது நகல் என்று போத்ரியார் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் சொல்கிறவர், வருடக் கணக்குத் தெரிந்த டிக்கெட் குமாஸ்தாதான்.

இந்தச் சவாரியிலேயே கடற்கொள்ளையர்கள் பெண்களைத் துரத்தும் காட்சி 1997இல் மாறியது. மணப்பெண் ஏலக் காட்சி 2018இல் போயிற்று. முதல் வகை மாற்றம் பொழுதுபோக்குக் கணக்கு. இந்த வகை மாற்றம் அப்படியில்லை. சகித்துக்கொள்ளக் கூடாத ஒன்றை 30 வருடம் சிரித்துக்கொண்டே கடந்துபோனோம் என்பதற்கு அது சாட்சி. இங்கேதான் நான் முதலில் சொன்ன இரண்டாவது கேள்வி வருகிறது.

5

‘ஸாங் ஆஃப் த சௌத்’ டிஸ்னி 1946இல் வெளியிட்ட படம். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகான ஜார்ஜியாத் தோட்டம் ஒன்றில் ரீமஸ் மாமா என்கிற கறுப்புக் கிழவர், ஒரு வெள்ளைக்காரச் சிறுவனுக்கு முயல் அண்ணன் கதைகள் சொல்கிறார். தோட்டத்துக் கறுப்பர்களின் வாழ்க்கையைச் சந்தோஷமான பஜனை மாதிரி காட்டியதை வெளியான வருடமே கறுப்பர் உரிமை இயக்கங்கள் கண்டித்தன. ரீமஸாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட், நிறப் பாகுபாட்டுச் சட்டங்கள் இருந்த அட்லாண்டாவில் நடந்த தன் படத்தின் முதல் காட்சிக்கே போக முடியவில்லை. பின்னால் அவருக்கு ஒரு கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். அமெரிக்கத் திரையரங்குகளில் இந்தப் படம் கடைசியாக வந்தது 1986இல். அதற்குப் பிறகு டிஸ்னியே அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. அங்கே வீடியோவாகக்கூட வெளியிடவில்லை.

பூட்டின மூன்றாவது வருடம், 1989இல், அதே படத்தை வைத்து டிஸ்னிலாந்தில் ஒரு மலை கட்டினார்கள்: ‘ஸ்ப்ளாஷ் மவுண்டன்’. 1992இல் ஃப்ளோரிடாவிலும் டோக்கியோவிலும். பெயர்கூட முயலிடமிருந்து வரவில்லை. 1984இல் டிஸ்னி எடுத்த ‘ஸ்ப்ளாஷ்’ என்கிற கடல்கன்னிப் படத்துக்கு விளம்பரமாகட்டும் என்று வைத்தது. கலிபோர்னியாவில் நிறுத்திய பொம்மைகள் பல, 1988இல் மூடிய ‘அமெரிக்கா ஸிங்ஸ்’ என்கிற பாட்டு அரங்கிலிருந்து இடம்பெயர்ந்தவை. ஆக, யாரும் பார்க்கக் கூடாத படம், யாரும் நினைக்காத இன்னொரு படத்தின் பெயர், வேலையிழந்த பொம்மைகள். மூலம் எதுவும் வெளியில் இல்லை. சவாரியோ சக்கைப்போடு போட்டது. படம் மறந்தால் சவாரி என்னாகும் என்கிற கேள்விக்கு இதைவிடத் துல்லியமான பரிசோதனை கிடையாது. இங்கே மறதி தானாக வரவில்லை. நிறுவனமே உற்பத்தி செய்தது.

சவாரிக்குள் எது இல்லை என்று பாருங்கள். ரீமஸ் மாமா இல்லை. முயல் ஒட்டிக்கொள்கிற தார்ப் பொம்மை இல்லை. அந்தச் சொல் கறுப்பர்களை இழிவாகக் குறிக்கவும் பயன்பட்டதால் தேன்கூடு வைத்துவிட்டார்கள். முயல், நரி, கரடி மட்டும். கறுப்பு உடம்பை வெளியே நிறுத்திவிட்டு அதன் கதையை உள்ளே விட்டார்கள்.

இந்தக் கதைகள் யாருடையவை? ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்கிற வெள்ளைக்காரப் பத்திரிகையாளர், தோட்ட அடிமைகளிடம் சிறுவயதில் கேட்டவற்றை 1880இல் புத்தகமாக்கினார். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியோடு வந்தவர்களின் கதைகள். பலமில்லாத முயல், பலமுள்ள நரியைப் புத்தியால் ஜெயிக்கும். பிடிபட்ட முயல் கெஞ்சுகிறது: என்னை வறுத்துத் தின், தோலை உரி, முள்ளுப்புதரில் மட்டும் எறிந்துவிடாதே. நரி முள்ளுப்புதரிலேயே எறிகிறது. முயல் பிறந்து வளர்ந்த இடமே முள்ளுப்புதர். தப்பித்துவிடுகிறது. எஜமானிடம் என்ன கேட்டால் எது கிடைக்கும் என்று தெரிந்தவன் சொன்ன கதை இது.

சவாரியின் உச்சம், படகு சுமார் 16 மீட்டர் கீழே விழுவது. அந்த விழுதல்தான் முள்ளுப்புதரில் எறியப்படுவது. உடம்பு பயப்படுகிறது, கதை ஜெயிக்கிறது. சவாரி என்கிற வடிவத்தில் உடம்பும் அர்த்தமும் இவ்வளவு பொருந்திய இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் கதை சொன்ன வாயை அகற்றிவிட்டதால், ஏறினவர்களுக்கு அது குறும்பு முயலின் விளையாட்டு. விழுந்தார்கள், நனைந்தார்கள், போட்டோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

2020 ஜூனில், அமெரிக்கத் தெருக்களில் கறுப்பர்களின் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தபோது, மலையை மாற்றப்போவதாக டிஸ்னி அறிவித்தது. 2023இல் இரண்டு அமெரிக்க மலைகளும் மூடப்பட்டன. 2024இல், முதலில் ஃப்ளோரிடாவிலும் பிறகு கலிபோர்னியாவிலும், ‘டியானாஸ் பேயூ அட்வென்ச்சர்’ திறந்தது. 2009இல் வந்த ‘பிரின்சஸ் அண்ட் த ஃப்ராக்’ படத்தின் நாயகி டியானா, டிஸ்னியின் முதல் கறுப்பு இளவரசி. டோக்கியோவில் மட்டும் பழைய முயல் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

இதை நான் எதிர்க்கவில்லை. தன்னைப் போன்ற ஒரு பெண் மலை உச்சியில் நிற்பதைப் பார்க்கிற கறுப்புச் சிறுமியின் சந்தோஷத்துக்கு முன்னால் என் கட்டுரை ஒன்றுமே இல்லை. ஆனால் விமர்சகன் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். அதே கால்வாய், அதே உயரம், அதே விழுதல். இப்போது விழுவதற்கு என்ன அர்த்தம்? விருந்துக்குப் பாட்டுக்காரர்களைத் தேடிப் போகிறோம்; மந்திரத்தால் சின்னதாகிறோம்; திரும்பப் பெரிசாவதற்கு விழுகிறோம். படத்தின் வில்லன் உள்ளே வருவதே இல்லை. எறிகிறவன் இல்லை, எறியப்படுகிறவன் இல்லை. குறிப்பான் அப்படியே இருக்க, குறிப்பீட்டை உருவிவிட்டார்கள். முதலில் கறுப்பரை நீக்கிவிட்டு அவர்கள் கதையை வைத்துக்கொண்டார்கள். பிறகு கறுப்புப் பெண்ணைக் கொண்டுவந்து கதையை நீக்கிவிட்டார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் அந்த மலைக்குள் இருக்க முடியாது என்று யார் சொன்னது?

6

ஆகவே ‘புதுசாக வைத்துக்கொள்வது’ என்கிற சொல்லை நாம் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று, ஒரு வடிவம் தன் காலில் நிற்கக் கற்றுக்கொள்வது. ஒன்றுமே தெரியாமல் ஏறுகிறவனுக்கும் தேவையானதை அங்கேயே, அந்தச் சில நிமிஷத்துக்குள்ளேயே சொல்லிவிடுவது. இது கலையின் வேலை; கூத்துக்கும் இதுதான் விதி, சவாரிக்கும் இதுதான். இன்னொன்று, மறதியைத் தயாரித்து அதன் மேல் வண்ணம் அடிப்பது. இது சொத்துக்காரனின் வேலை. முதலாவதைச் செய்யத் தெரிந்தவன் இரண்டாவதை நாட வேண்டியதில்லை.

ரசிகர்கள் சும்மா இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘மிஸ்டர் டோட்ஸ் வைல்டு ரைடு’ 1949ஆம் வருடத்துப் படத்தை வைத்தது. படத்தை மறந்தும் சவாரியை மறக்காதவர்கள், 1998இல் ஃப்ளோரிடாவில் அதை மூடப்போகிறார்கள் என்றதும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். தோற்றார்கள். அடுத்த வருடம் அங்கே பூ கரடியின் சவாரி வந்தது. அதற்குள் ஒரு சுவரில், தேரை ஆந்தையிடம் வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கிற படம் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். அதே பூங்காவின் பேய் மாளிகைக்கு வெளியே இருக்கும் செல்லப்பிராணிகள் கல்லறையில் தேரைக்கு ஒரு சிலையும் உண்டு. அழித்த எழுத்தின் தடம் தாளில் தெரிவது போல. நிறுவனம் இதைச் செல்லமாகத்தான் செய்தது. ஆனாலும், இங்கே வேறொன்று இருந்தது என்று அந்தச் சுவர் ஒத்துக்கொள்கிறது.

தேரைக்குக் கிடைத்த அந்த ஒரு சிலை, முயல் கதையைச் சொன்ன கிழவருக்குக் கிடைக்கவில்லை. படகு இன்னும் அவர் சொன்ன இடத்தில்தான் விழுகிறது.